குருசின் நீள அகலம்

புன்னைக்காயலில் வெளிநாடு புறப்படுகிறவரிடம் எந்த ஊர், என்ன வேலை என்று கேட்பதற்கு முன்னால் எத்தனை கிலோ என்றுதான் கேட்பார்கள். பெட்டியைக் கட்டி முடித்ததும் நேராகக் கடற்கரை ஏலக்கூடத்துக்குத் தூக்கிக்கொண்டு போவோம். சீலாவும் பாரையும் ஏறி இறங்குகிற தராசில் பெட்டி ஏறும். முப்பதைத் தாண்டினால் ஒரு பொட்டலம் கருவாடு வெளியே வரும். முப்பதுக்குள் நின்றால் சுற்றி நிற்பவர்கள் எல்லாரும் பயணமே முடிந்துவிட்டது போலத் தலையாட்டுவார்கள். மீனை எடைபோட்டுப் பிழைக்கிறவர்கள் நாங்கள். பெட்டிக்கு நீளமும் அகலமும் உண்டு என்பது எங்களில் யாருக்கும் தோன்றியதில்லை.

எனக்காவது தோன்றியிருக்க வேண்டும். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். தூத்துக்குடித் துறைமுகத்தில் ஏற்றுமதிச் சரக்குக்குக் காகிதம் தயாரிக்கும் அலுவலகத்தில் இருக்கிறேன். ஒரு கன்டெய்னருக்குள் எத்தனை பெட்டி அடங்கும் என்று நீளம், அகலம், உயரம் போட்டுச் சொல்வதுதான் என் அன்றாட வேலை. ஆனாலும் அண்ணனுக்குச் செய்த மரச் சிலுவையை, எங்கள் பேச்சில் குருசை, தராசில் ஏற்றியபோது மற்றவர்களோடு சேர்ந்து நானும் எடையைத்தான் பார்த்தேன். பதினெட்டுக் கிலோ.

“போதும்ளா ஸ்டெல்லா, இன்னும் பன்னெண்டு கிலோ சும்மா கெடக்கு. கருவாடு கட்டு,” என்றார் சூசை மாமா என்னிடம். அம்மாவின் தம்பி.

அண்ணன் மிக்கேல் பஹ்ரைனில் மீன்பிடிப் படகில் வேலை பார்த்தவன். போன வருடம் கடலில் விழுந்தான். உடல் கிடைத்தபோது ஊருக்கு அனுப்பும் நிலையில் இல்லை என்று சொல்லி அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள். அவனோடு வேலை பார்த்த எங்கள் ஊர் சேசு கைபேசியில் ஒரு படம் அனுப்பினான். ஒரு மணல் மேடு. தலைமாட்டில் எண் எழுதிய தகரம். அம்மா அந்தப் படத்தை விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

“குருசு எங்க?”

அவன் வெளிநாடு போகும் முன் ஓட்டிய வள்ளம் கரையில் கவிழ்ந்து கிடந்தது. அதன் பலகையில் குருசு செய்து, ஆண்டு நினைவுப் பூசைக்குள் அவன் தலைமாட்டில் நடவேண்டும் என்று அம்மா முடிவு செய்தாள். வேறு எதையும் அவள் கேட்கவில்லை. அவன் கடலுக்குப் போனதால்தான் நான் கல்லூரிக்குப் போனேன். பாஸ்போர்ட்டும் ஆங்கிலமும் வீட்டில் எனக்கு மட்டும்தான் இருந்தன. ஆகவே நான் போவதாயிற்று.

படகு கட்டும் தச்சரை எங்கள் பக்கம் ஓடாவி என்போம். அம்மா தன் தலைக்கு மேல் கையை வைத்து, “அவன் தோளு இந்த ஒசரம்,” என்று காட்டினாள். அந்த உயரத்துக்கு, ஏறத்தாழ ஐந்தடியில், ஓடாவி குருசைச் செய்தார். குறுக்குச் சட்டத்தில் பெயரைச் செதுக்கினார். இரண்டு மரங்களையும் ஒன்றுக்குள் ஒன்று இறக்கி, வேம்பு ஆப்பு அடித்து, படகுக்குப் பூசுவதுபோல மீன் எண்ணெயை மூன்று தடவை பூசினார். “அலையே அடிச்சாலும் பிரியாது,” என்றார். கழற்றி மாட்டுகிற மாதிரி ஒரு திருகாணி போட்டிருக்கலாம். நாங்கள் யாரும் கேட்கவில்லை. கழன்று வருகிற படகை யார் கட்டச் சொல்வார்கள்?

முதல் நாளே பயணம் கோணியது. வாடகை வேனில் அம்மா, மாமா, நான், குருசு. தூத்துக்குடியில் என் அலுவலகத்தில் தலையைக் காட்டிவிட்டுத் திருநெல்வேலிச் சாலையில் ஏறினோம். தூத்துக்குடிக்குப் பக்கத்திலேயே இருக்கிற புதுக்கோட்டையைத் தாண்டியதும் டயர் வெடித்தது. மாற்று டயரிலும் காற்று இல்லை. ஓட்டுநர் அந்த டயரை உதைத்துவிட்டு, ஏதோ அது எங்களுடைய டயர் போல எங்களைப் பார்த்தார். அரசுப் பேருந்து ஒன்றைக் கைகாட்டி நிறுத்தினோம்.

நடத்துநர் குருசை மேலும் கீழும் பார்த்தார். “ஏளா, இது லக்கேஜா ஆளா? லக்கேஜ்னா மேல ஏத்து. ஆளுன்னா சீட்டு எடு.”

பேருந்தில் நாலைந்து பேர் சிரித்தார்கள்.

“ஆளுதான் அண்ணாச்சி,” என்றார் மாமா. “எம் மருமவன்.”

நடத்துநர் குருசைச் சுற்றியிருந்த துணியை விலக்கிப் பெயரைப் படித்தார். ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் குருசை நிற்கவைத்து, தன் துண்டாலேயே கம்பியோடு சேர்த்துக் கட்டினார். திருநெல்வேலி வரும்வரை அதன் பக்கத்தில்தான் நின்றார். மீன் எண்ணெய் வாடைக்கு ஓர் அம்மாள் மூக்கைப் பொத்தினாள். அவர், “சன்னலத் தெறந்துக்கிடுங்க,” என்று மட்டும் சொன்னார்.

அந்த நடத்துநரை நினைத்துக்கொண்டுதான் மறுநாள் திருவனந்தபுரம் விமான நிலையத்துக்குள் நுழைந்தேன். அம்மாவும் மாமாவும் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றுகொண்டார்கள்.

கவுண்டரில் இருந்த பெண்ணுக்கு என் வயதுதான் இருக்கும். தராசு பதினெட்டு காட்டியது. நான் நிம்மதியாக மூச்சுவிட்டேன். அவள் இழுப்பறையிலிருந்து ஒரு டேப்பை எடுத்தாள். அதைப் பார்த்த அந்தக் கணத்திலேயே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. தினமும் நான் அடுத்தவர் சரக்குக்குச் செய்கிற வேலை அது.

“எடை சரி. ஆனால் நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் நூற்றைம்பத்தெட்டு சென்டிமீட்டருக்குள் இருக்கவேண்டும்,” என்று ஆங்கிலத்தில் சொன்னாள்.

நீளம் மட்டுமே நூற்றைம்பது. குறுக்குச் சட்டம் எழுபத்தைந்து. அவள் டேப்பைப் பிரிக்கும் முன்பே நான் கூட்டிவிட்டேன். விதிப்படி அவள் குருசை அளக்கவில்லை. குருசு ஒரு பெட்டிக்குள் இருப்பதாக வைத்துக்கொண்டு அந்தப் பெட்டியை அளந்தாள். கைகளுக்கு மேலும் கீழும் இருக்கிற வெறும் காற்றையும் சேர்த்து அளந்தாள்.

மேற்பார்வையாளரைக் கூப்பிட்டேன். ஆங்கிலத்தில் நிதானமாகவே பேசினேன். அவரும் நிதானமாகவே பதில் சொன்னார். சரக்குப் பிரிவில் கொடுங்கள் என்றார். மரம் என்றால் பூச்சி போகப் புகைபோட்டு முத்திரை குத்தவேண்டும், அதற்கு நாள் பிடிக்கும் என்பது அவரைவிட எனக்கு நன்றாகத் தெரியும். பூசையோ நாளை. “கல்லறைக்கு வைப்பது சார்,” என்றேன். “வருந்துகிறேன்,” என்றார். அவர் முகத்தில் வருத்தம் உண்மையாகவே இருந்தது. அதனால் எதுவும் மாறவில்லை.

பக்கத்து வரிசையில் ஒரு வெள்ளைக்காரப் பையன் தன்னைவிட உயரமான ஒரு பலகையோடு நின்றான். அலைமேல் ஏறி நின்று விளையாடுகிற பலகை. அதற்கு ஒரு சீட்டை ஒட்டி, இரண்டு பேர் பத்திரமாகத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

“அது போகுதே?” என்று கவுண்டர் பெண்ணிடம் கேட்டேன்.

“அதற்குத் தனி விதி உண்டு. விளையாட்டுச் சாமான்.”

“குருசுக்கு?”

அவள் கேலி என்று எடுத்துக்கொள்ளவில்லை. திரையில் மேலிருந்து கீழே தேடினாள். கோல்ஃப் மட்டை இருந்தது. சைக்கிள் இருந்தது. வீணை, கிட்டார் வகை இருந்தது. சக்கர நாற்காலி இருந்தது. “இல்லை,” என்றாள். பிறகு குனிந்து, மெதுவாக, தமிழில், “இரண்டாக வெட்டிக் கொண்டு வாருங்கள். இரண்டு உருப்படி உங்களுக்கு உண்டு. மறுபடி வரிசையில் நிற்க வேண்டாம், நேரே என்னிடம் வாருங்கள்,” என்றாள்.

ஒரு காவலர் துணைக்கு வர, குருசைச் சுமந்துகொண்டு வெளியே வந்தேன். விமான நிலையத்திலிருந்து வெளியே வருகிற எல்லாருக்கும் மாலையும் கட்டிப்பிடிப்பும் கிடைத்துக்கொண்டிருந்தன.

“நான் அந்த சார்கிட்டப் பேசுதேன். வெளிய வரச் சொல்லு,” என்றார் மாமா.

“அவர் வரமாட்டார் மாமா.”

“பஸ்ஸுல ஏத்தினான்லா? பஸ்ஸவிட ஏரோப்ளேன் சின்னதா?”

எதிர்ச்சாலையில் கதவு, சன்னல் சட்டம் செய்கிற ஒரு மரப்பட்டறை இருந்தது. ஆசாரி நாகர்கோவில்காரர். குருசைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றினார். “மக்களே, நான் சாமி கும்பிடுத கோயிலு வேற. ஆனா இத என்னக்கொண்டு அறுக்கச் சொல்லாதீங்க. வாள் வேணும்னா எடுத்துக்கிடுங்க.”

மாமா சுத்தியலால் ஆப்பைத் தட்டிப் பார்த்தார். எண்ணெய் குடித்து ஊறிய ஆப்பு அசையவில்லை. ஓடாவி பொய் சொல்லவில்லை. மாமா சுத்தியலை வைத்துவிட்டு, “எனக்குக் கையி வரமாட்டுக்கு,” என்று ஒதுங்கிப் போய்ச் சுவரைப் பார்த்து நின்றார்.

அம்மா என்னைப் பார்த்தாள். “படிச்சவ நீதானளா. எங்க அறுக்கணும்னு சொல்லு.”

குறுக்குச் சட்டத்தை ஒட்டிக் கீழே ஒரு கோடு போட்டேன். மேலே தலையும் கைகளும் பெயரும் ஒரு துண்டு. கீழே வெறும் தண்டு ஒரு துண்டு. அம்மா பெரிய மீனை வெட்டும்போது உட்காருவது போலத் தரையில் உட்கார்ந்து, மரத்தை இரண்டு பாதங்களாலும் கவ்விக்கொண்டாள். நான் அறுத்தேன். எண்ணெய் மரம் வாளைப் பிடித்துப் பிடித்து இழுத்தது. “கையப் பாத்து, கையப் பாத்து,” என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். வெட்டு முடிந்ததும் மரத்தூளை முந்தானையில் அள்ளிக்கொண்டாள்.

“அங்கன போயி ரெண்டு இரும்புப் பட்டைய வச்சு முடுக்கிருவான் சேசு. ஒண்ணும் தெரியாது,” என்றார் மாமா சுவரைப் பார்த்தபடியே.

அந்தப் பெண் சொன்ன சொல் தவறவில்லை. இரண்டு துண்டுகளையும் டேப் வைத்து அளந்தாள். இரண்டும் அளவுக்குள் இருந்தன. சேர்த்துக் கட்டினால் மறுபடி அளவு மீறும் என்று தனித்தனியாகச் சீட்டு ஒட்டினாள். இரண்டு உருப்படியும் இதிலேயே தீர்ந்துவிடும் என்பதால் கருவாட்டை முன்பே மாமாவிடம் திருப்பிக் கொடுத்திருந்தேன்.

பஹ்ரைனில் இறங்கி, பெட்டிகள் சுற்றிவரும் பட்டையின் முன்னால் நின்றேன். தண்டு வந்தது. மற்றது வரவில்லை. பட்டை காலியாகி நிற்கும்வரை நின்றேன். விசாரணை மேசையில் இருந்தவர் என்ன நிறப் பெட்டி என்று கேட்டார். குருசின் மேல்பாதி என்றேன். படிவத்தில் அதற்கு இடமில்லாததால் ‘மரச்சாமான்’ என்று குறித்துக்கொண்டார். நாளை வந்துவிடும் என்றார். எண்ணெய் வாடைக்காக எங்காவது நிறுத்தி வைத்தார்களா, வழியில் வேறு விமானத்தில் ஏற்றிவிட்டார்களா, இன்றுவரை எனக்குத் தெரியாது.

வாடகைக் கார் ஓட்டுநர் பாகிஸ்தானியர். தண்டைப் பார்த்து, “கப்பல் பாய்மரமா சகோதரி?” என்று இந்தியில் கேட்டார். பின்னிருக்கையில் அதைப் படுக்கவைத்துவிட்டு நான் முன்னால் உட்கார்ந்தேன். கடலோரமாகப் போனோம். அலை என்று சொல்ல ஒன்றுமில்லை. குளம் போலக் கிடந்தது. இந்தக் கடலா அவனைக் கொண்டுபோனது என்றிருந்தது. “முன்னால் இங்கே முத்துக்குளித்தார்கள்,” என்றார் அவர். எங்கள் பக்கமும் முத்துக்குளித்த கரைதான், எங்கள் கொற்கைத் துறைமுகம் இன்னும் பழையது என்றேன். துக்கத்திலும் அதை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. இப்போது அந்தத் துறைமுகம் எப்படி இருக்கிறது என்று கேட்டார். கொற்கையில் இப்போது கடல் இல்லை, வயலும் வாழையும்தான் என்று சொல்ல வேண்டியதாயிற்று. அவர் சிரிக்கவில்லை. “கடல் அப்படித்தான்,” என்றார்.

சேசு தங்கியிருந்த அறையில் எட்டுப் பேர். எல்லாரும் நம் கரைக்காரர்கள். எனக்காக நெத்திலிக் குழம்பு வைத்திருந்தார்கள். புளிக்குப் பதில் தக்காளி. சாப்பிட்டேன் என்றுதான் சொல்லவேண்டும். அண்ணன் படுத்த மேல்கட்டிலில் இப்போது வேறு ஒருவர் படுக்கிறார். நான் பார்த்ததும் அவர் அவசரமாகப் போர்வையை மடித்து வைத்தார், ஏதோ அவர் தப்புச் செய்தவர் போல.

“கருவாடு கொண்டுவரலியா தங்கச்சி?” என்று ஒருவன் கேட்டுவிட்டான். சேசு அவனுக்கு ஓர் அறை விட்டான்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. அங்கே வார விடுமுறை அன்றுதான், அதனால் பூசைக்கு வெள்ளிதான் ஞாயிறு. காலையில் விமான நிலையத்துக்குப் போன் செய்தேன். நாளை என்றார்கள். பூசையில் நாலைந்து மொழிக்காரர்கள். அவர்கள் பாட்டு முடிந்து கடைசியில் சாமியார் இறந்தவர்களின் பெயர்களை வாசித்தார். மிக்கேல் என்பதை அவர் சொன்ன விதத்தில் எனக்கே தாமதமாகத்தான் விளங்கியது.

கல்லறைத் தோட்டத்தில் சேசு குழி தோண்டினான். மீன் பெட்டியிலிருந்து பிரித்த ஒரு சட்டமும் கம்பியும் வைத்திருந்தான். “இப்போதைக்கு இதக் குறுக்கால கட்டிருவோமா தங்கச்சி?”

அம்மாவுக்குப் போன் போட்டேன்.

“வேற மரம் வேண்டாம்ளா. நாளைக்கு வந்திருமுன்னு சொல்லுதாம்லா? வரட்டும்.”

“சரிம்மா.”

“தலைமாட்டுலதான நட்டிருக்கு?”

“ஆமாம்மா.”

“வீடியோல காட்டு.”

காட்டினேன். சுற்றிலும் குருசுகள். நடுவில் ஒரு தண்டு. தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிற மலையாளி வந்து நின்று பார்த்தார். படகு கட்டுகிற கம்பா என்று தன் மொழியில் சேசுவிடம் விசாரித்தார். அது அம்மாவுக்குக் கேட்டதா என்று தெரியவில்லை. பிறகு, “வெயிலா இருக்கு. நீ உள்ள போ,” என்றாள்.

சனிக்கிழமையும் நாளை என்றார்கள். ஞாயிறும் நாளை என்றார்கள். நாளை என்று சொல்கிறவரின் குரல் ஒவ்வொரு தடவையும் வேறாக இருந்தது. அதனால் ஒவ்வொருவரிடமும் அது பெட்டி இல்லை, குருசு என்று முதலிலிருந்து சொல்லவேண்டியிருந்தது. என் விடுப்பு முடிந்தது. சேசுவின் முகவரியை எழுதிக் கொடுத்துவிட்டுத் திரும்பினேன். வருகையில் கையில் ஒன்றுமில்லை. ஒரு தராசிலும் ஏறவேண்டியிருக்கவில்லை.

குருசின் மேல்பாதி சேசுவிடம் போகவில்லை. எங்கே சுற்றியதோ, நான் ஊர் திரும்பிய மறுவாரம் ஒரு சின்ன வேனில் புன்னைக்காயலுக்கு வந்தது. பாஸ்போர்ட்டில் இருந்த முகவரிக்கு. கொண்டுவந்தவர் தெருத் தெருவாக விசாரித்துக்கொண்டு வந்ததால் பின்னாலேயே பாதித் தெரு வந்துவிட்டது. அம்மா அப்போதுதான் வீட்டைக் கழுவிவிட்டிருந்தாள். வேனில் வந்தவர், சுற்றியிருந்த தாளைக் கிழித்து, அறுத்த பக்கம் கீழே இருக்கும்படி ஈரத் தரையில் அதைச் சுவரோரமாக நிறுத்திவிட்டு என்னிடம் கையெழுத்து வாங்கினார்.

“நான் அலுவலகத்துல சொல்லிக் கப்பல்ல அனுப்புதேம்மா. முத்திரை எல்லாம் நானே வாங்குதேன். இந்தத் தடவ தப்பாது,” என்றேன். எனக்கு அந்த வேலை தெரியும். அளவு, எடை, காகிதம் எல்லாம் தெரியும்.

அம்மா திரும்பினாள்.

“திரும்பி வந்தத மறுபடி அனுப்பவாளா சொல்லுத?”

அதற்குப் பிறகுதான் அதை நான் சரியாகப் பார்த்தேன். ஈரத் தரைக்கு மேல் ஒரு தலை. இரண்டு பக்கமும் விரித்த கைகள். அவன் பெயர். அதற்குக் கீழே ஒன்றுமில்லை, தண்ணீர்தான்.

அம்மா அதை அப்படி நிற்க விடவில்லை. குனிந்து, குருசின் இரண்டு கைகளுக்கும் அடியில் தன் கைகளைக் கொடுத்து, நெஞ்சோடு சேர்த்துத் தூக்கினாள். கடலில் கிடக்கிறவனைப் படகுக்குள் இழுக்கும்போது அப்படித்தான் பிடிப்பார்கள். தூக்கிக்கொண்டுபோய்க் கட்டிலில் கிடத்தினாள்.